வளப்பூர் நாய்க்குத் தெரிஞ்ச டீசல்

மலையில வாடகைக் கார் ஓட்டுறவன் ஏறும்போது இஞ்சினை நம்பணும், இறங்கும்போது பிரேக்கை நம்பணும், ரெண்டு நேரமும் பின் சீட்டுக்காரர் வயித்தை நம்பணும்.

ஸ்டியரிங்கைப் பிடிச்சுக் கஞ்சி குடிக்கிற உங்களுக்கு இது புதுசில்லை. அடிவாரம் காரவள்ளியில ஆரம்பிச்சா மேலே செம்மேடு வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு. அத்தனையிலயும் என்னை ஏத்தி இறக்கின டீசல் கார் போன தை மாசம் கையை விரிச்சிருச்சு. என் வயசுக்கு இனி வாங்குறதுதான் கடைசி வண்டி. தப்பா வாங்கிட்டா திருத்திக்க வாய்ப்பில்லை. அதனால ஒண்ணு முடிவு பண்ணினேன். விக்கிறவர் பேச்சையும் கேக்கறதில்லை, ஊர் பேச்சையும் கேக்கறதில்லை. மலையில ஓட்டிப் பார்த்துத்தான் எதுன்னாலும்.

மாப்பிள்ளை சொன்ன நியாயம்

சேலத்துல இருக்கிற என் மாப்பிள்ளை பெட்ரோல் கட்சி. "டீசல் காலமெல்லாம் முடிஞ்சுது மாமா. வாங்கும்போதும் விலை ஜாஸ்தி, ரிப்பேருன்னு வந்தாலும் ஜாஸ்தி. முன்ன மாதிரி டீசலும் ஒண்ணும் சல்லிசா விக்கலையே" என்றார். அவர் சொன்னதுல தப்பு கண்டுபிடிக்க முடியலை. அது வேற எனக்கு எரிச்சல்.

வெறும் வாயில பேசுற ஆளில்லை அவர். தன் பெட்ரோல் காரையே கொண்டுவந்து நிறுத்திச் சாவியைக் குடுத்தார். "ஓட்டிப் பாருங்க மாமா. திருப்பிக் குடுக்க மனசு வராது. ஆனா குடுத்துருங்க."

சக்கரத்துக்குக் கல்

எங்க மலையில ஏத்தத்துல வண்டி நின்னு போச்சுன்னா யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கதவோரம் இருக்கிறவர் குதிச்சு, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை குடுப்பார். அப்புறம்தான் மத்த பேச்சு.

எங்க மலையில சில ஊர் சேர்ந்தது ஒரு நாடு. பெட்ரோல் காரை எடுத்த அன்னைக்கு குண்டனி நாட்டுல இருந்து மிளகு விவசாயி ஒருத்தர் ஏறினார். ஒரு வளைவுல பஸ் இறங்கி வந்துது. வழிவிட்டு நின்னேன். இஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துது, ஆனா காதுக்குத் தெரியலை. திரும்பிப் பார்த்தா சீட்டுல ஆளைக் காணோம். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, பின்னால குத்துக்காலிட்டுக் கல்லைத் தள்ளிக்கிட்டிருந்தார். "வண்டி ஓட்டத்துலதான் இருக்குதுங்க" என்றேன். கையைத் தட்டிக்கிட்டு ஏறினார். "இப்படிப் பேச்சுமூச்சில்லாம நின்னா, செத்துப்போச்சுன்னுதானுங்க நெனைப்போம்."

பலாவா, ஏ.சி.யா

ஆள் ஒருத்தர் ரெண்டு பேரா இருந்தா அந்தக் கார் வெண்ணெய் மாதிரி ஏறுச்சு. வாந்தி எடுக்கறதுக்குன்னே எலுமிச்சம்பழத்தோட வர்ற டவுன்காரங்க தூங்கிட்டே வந்தாங்க. அதை மறைக்க மாட்டேன்.

ஆனா நம்ம பொழப்பு அதில்லையே. சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்குப் போன வியாபாரி குடும்பம் அஞ்சு பேர், டிக்கி நிறைய பலாப்பழத்தோட காரவள்ளிக்கு இறங்குனப்போ எந்தத் தொந்தரவும் இல்லை. கல்யாண வீட்டுல குடுத்த அண்டா, குண்டா, மீந்த பலா எல்லாத்தோடயும் திரும்பி ஏறும்போது வண்டி முதல் கியரை விட்டு வரமாட்டேன்னு மொனகுச்சு. ஏ.சி.யை அமத்துனா நகருது, போட்டா திணறுது. வியாபாரி கண்ணாடியை இறக்கிவிட்டுட்டு மனைவிகிட்டச் சொன்னார்: "அண்டாவை வாங்காதேன்னு சொன்னேன். இப்பப் பாரு, அது சொகுசா வருது, நமக்கு வேர்வை."

ராசம்மா ஊட்டு நாய்

வளப்பூர் நாட்டுல ராசம்மான்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் சடையனுக்கு ரெண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்துல ரெண்டு நாள் கீழே ஆசுபத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணணும். தவறக் கூடாது. அந்த இடத்துக்கு செல்போன் டவர் எட்டாது. வீடு ரோட்டுக்கு மேல, காப்பித் தோட்டத்துக்குள்ள. சடையன் ரோட்டோரம் காத்துக் கிடக்கிற நிலையில இல்லை. ரெண்டு வளைவுக்குக் கீழ என் டீசல் சத்தம் கேட்டா, முதல்ல அவங்க நாய் குரைக்கும். அப்பக் கிளம்பினா நான் வரவும் அவர் இறங்கவும் சரியா இருக்கும். இதுதான் எங்க ஏற்பாடு.

பெட்ரோல் காரோட போன அன்னைக்கு நாயுமில்லை, ஆளுமில்லை. ஹார்ன் அடிச்சேன். மலையில வளைவுக்கு வளைவு எல்லாரும் ஹார்ன் அடிக்கிறவங்கதானே, யார் சட்டை பண்ணுவாங்க? கடைசியில நானே மேட்டுல ஏறிப் போனேன். செருப்பைப் போட்டுக்கிட்டு, பையை மடியில வெச்சுக்கிட்டு, சடையன் காதைத் தீட்டி உக்காந்திருந்தார். போய்ச் சேரும்போது அவர் முறை தாண்டியிருச்சு. சாயந்திரம் வரைக்கும் காத்திருந்துதான் உள்ளே கூப்பிட்டாங்க. திரும்பும்போது ராசம்மா என்னைத் திட்டலை. "எந்த வண்டி வேணும்னாலும் வாங்குங்கண்ணா. எங்க ஊட்டு நாய்க்குத் தெரியற மாதிரி வாங்குங்க."

காருக்கு நடைப்பயிற்சி

சரி, டீசலேதான்னு முடிவுக்கு வந்தா, செம்மேட்டு ஸ்டாண்டுல மணி குறுக்க நின்னார். புது டீசல் கார் வெச்சிருக்கிறவர். இப்ப வர்ற டீசல் வண்டியில புகையை வடிகட்ட ஒரு சாமான் இருக்குதாம். கோயில், அருவின்னு மலைக்குள்ளயே சுத்துனா அதுல கரி அடைச்சுக்கும், முன்னால ஒரு லைட்டு எரியும். அப்புறம் கீழே இறங்கி நல்ல ரோட்டுல நெடுந்தூரம் விரட்டுனாத்தான் அணையும். மணி வெறும் வண்டியைச் சேலம் ரோட்டுல விரட்டிட்டு வருவார்.

என் பாடு அப்படியில்லை. தினமும் கீழே இறங்கி நாமக்கல் போய்த் திரும்புறவன், எனக்கு அந்த அடைப்பு வராதுன்னேன். பக்கத்துல நின்ன மணியோட சம்சாரம் பெருமூச்சு விட்டுச்சு. "எங்களை ஒரு நாளும் வெளிய கூட்டிட்டுப் போனதில்லீங்க. அந்த லைட்டு எரிஞ்சாப் போதும், ஓடுறாரு."

கடைசிப் பரீட்சை

நாமக்கல்ல ஒருத்தர்கிட்ட, கொஞ்ச வருஷமே ஓடின டீசல் கார் விலைக்கு வந்துது. வளப்பூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் பேசுவேன்னேன். "அத்தனை தூரம் எதுக்குங்க?" என்றார். "ஒரு நாய் கேக்கணுமுங்க" என்றேன். அவர் ஒரு மாதிரியாப் பார்த்துக்கிட்டே பக்கத்துல ஏறினார்.

சடையன் ஆசுபத்திரி போற நாள் பார்த்துத்தான் போனேன். புது டீசலெல்லாம் பழசு மாதிரி கத்துறதில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதை வெளிய நீட்டிக்கிட்டே ஏத்தினேன். ரெண்டாவது வளைவுல ஏறுறேன், மேலே நாய் குரைக்குது. நான் போய் நிறுத்தவும் ராசம்மா பையோட நிக்குது, அது தோளைப் பிடிச்சுக்கிட்டுச் சடையன் நிக்கிறார். "சத்தம் பழைய வண்டி மாதிரியேவா இருக்குது?" என்று கேட்டேன். சடையன் சாவகாசமா ஏறி உக்காந்தார். "சத்தம் வேறதானுங்க. ஆனா அந்த ரெண்டாவது வளைவுல இஞ்சினைக் கத்தவிட்டுக்கிட்டு, கியர் மாத்தலாமா வேண்டாமான்னு இத்தனை நேரம் யோசிக்கிறது இந்த மலையில நீங்க ஒருத்தர்தான்."

ஆக, மலைக்குள்ளயே சுத்துறவங்க பெட்ரோல் வாங்குங்க, ஆளும் அண்டாவுமா தினம் இறங்கி ஏறுறவங்க டீசல் வாங்குங்க, எதை வாங்குனாலும் உங்க கெட்ட பழக்கத்தை மட்டும் திருத்திக்காதீங்க, அதை நம்பி மேட்டுல யாராவது செருப்பு மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க.