பேனரில் இல்லாத ஹைட்டி

எடப்பாடியில் நாங்கள் நடத்திய கால்பந்துப் போட்டிக்கு ஒரு தடுப்பாட்டக்காரரை வரவழைத்தோம். பெற்றோர் கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டி நாட்டவர். நாடு நாடாகப் போய்க் கூலிக்கு ஆடியவர்.

"ஹைட்டின்னா இங்க யாருக்குங்க தெரியும்? ஆப்பிரிக்கச் சிங்கம்னு போடுங்க, கூட்டம் வரும்" என்று ஃபிளெக்ஸ் கடைக்காரரிடம் சொன்னவன் நான்தான்.

பேருந்து நிலையத்தில் பேனரைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். எல்லா ஊரிலும் கோல் போடுகிறவர் படத்தைத்தான் வைப்பார்களாம். பதினைந்து வருடத்தில் அவர் படத்தை வைத்தது நாங்கள்தானாம். அம்மாவுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார்.

"இதில் ஹைட்டி எங்கே இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. 'ஆப்பிரிக்க' என்ற எழுத்துகளைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு சிரித்தார். எடுத்தேன்.

தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் அந்த அம்மா வீட்டுக்குப் போய்விடக் கூடாதே என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.