தண்ணீர் போன வழி

தோட்டத்துத் துரை இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றை ஆண்டியப்பன் இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் சிசிலி டீச்சரிடம் கொண்டுபோய் நீட்டினார். ஆபீஸ் கிளாக்கரய்யாவிடம் வாசிக்கக் கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். டீச்சர் வாய் அதிகம் திறக்காத பெண்.

அவள் ஒருமுறை மனதுக்குள் வாசித்துப் பார்த்தாள். "நல்ல சேதி இல்லைங்கண்ணே," என்றாள்.

"நல்ல சேதின்னா தொர எதுக்குக் காகிதத்தச் செலவழிக்கப்போறாரு? படிங்க டீச்சர்."

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டியதால் லொறி மறுபடியும் வழியில் கொதித்து நின்றது. இது இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாம் முறை நடந்தால் டிரைவர் வேலை போய்விடும், மலையில் மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டத்தான் போகவேண்டும். அதை அவள் மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"தண்ணி ஊத்தலன்னா போட்டிருக்கு?"

"ஆமாங்க."

"ஊத்துன தண்ணி எங்க போச்சுன்னு கேக்கலியா?"

"அப்படி ஒண்ணும் இல்லைங்க."

"சரி. அத நானே கேட்டுக்கிறேன்," என்று காகிதத்தை மடித்து வாங்கிக்கொண்டார்.

அது ஐம்பத்தெட்டாம் வருடம். இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைப் பெட்டிகளை ஹட்டன் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோவதும், கினிகத்தேனையிலிருந்து ஆலைக்கு விறகு ஏற்றி வருவதும் ஆண்டியப்பனின் வேலை. பதினாறு வயதில் கான் வெட்டத் தொடங்கியவர். பிறகு லொறியில் பெட்டி ஏற்றுகிறவராகி, அதைக் கழுவுகிறவராகி, லைசன்ஸ் எடுக்கையில் முப்பத்தைந்து தாண்டிவிட்டது. விறகுக் கட்டை விழுந்து நசுங்கிய இடது முழங்கால் மடங்காது. அந்தக் காலோடு செங்குத்து மலையில் மண்வெட்டி பிடிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், அவர் மனைவி ராசம்மாவுக்கும் தெரியும்.

தண்ணீரைத் தேட ஆரம்பித்தார். ரப்பர் குழாய்களைத் தடவிப் பார்த்தார். வெடிப்பு இல்லை. ஆலையிலிருந்து தேயிலைத் தூசி அள்ளி வந்து, லொறி நிற்கும் கொட்டகையில் இஞ்சினுக்கு நேர் கீழே மெல்லியதாகத் தூவிவைத்தார். ஒரு சொட்டு விழுந்தாலும் தடம் காட்டும். மறுநாள் காலையில் தூசி தூவியபடியே கிடந்தது. ரேடியேட்டரில் மட்டும் ஒரு கோப்பைத் தண்ணீர் குறைந்திருந்தது.

காலையில் லொறி இன்னொரு சேட்டையும் செய்தது. கிளப்பினால் கால் மைல் வரைக்கும் ஒரு சிலிண்டர் அடிக்காமல், நொண்டி நொண்டிப் போகும். அதை அவர் கணக்கில் எடுக்கவேயில்லை. மஸ்கெலியாவில் எல்லா லொறியும் காலையில் அப்படித்தான். பனிமூட்டம் இறங்கி இஞ்சினின் மின்கம்பிகள் ஈரமாகிவிடும். துணியால் துடைத்துவிட்டால் சரி. அங்கே எந்த டிரைவரைக் கேட்டாலும் இதையே சொல்லுவார். ஆண்டியப்பனின் இருக்கைக்கடியிலும் அதற்கென்றே ஒரு பழைய வேட்டித்துணி உண்டு.

அடுத்த வாரம் மலையிறங்கிக் கினிகத்தேனைக்கு விறகுக்குப் போனார். சுள்ளென்று வெயில். லொறியை நிறுத்தி, விறகு ஏற்றும் வரை ஒரு மணி நேரம் தேத்தண்ணிக் கடையில் இருந்தார். திரும்ப வந்து கிளப்பியபோது லொறி உதறியது. அதே நொண்டல். பின்னால் புகைக்குழாயிலிருந்து வெள்ளைவெளேரென்று புகை கிளம்பி ரோட்டை மறைத்தது. கடைக்காரர் சிங்களத்தில், மேலேயிருந்து மூட்டத்தையும் ஏற்றிக்கொண்டா வந்தாய் என்று கேட்க, வாங்குப் பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆண்டியப்பனும் சிரித்தார். சிரிப்புப் பாதியில் நின்றுவிட்டது.

இங்கே மூட்டமே இல்லை. கம்பிகள் காய்ந்து கிடக்கின்றன. பிறகு ஏன் நொண்டுகிறது?

இறங்கிப்போய்ப் புகையில் உள்ளங்கையைப் பிடித்தார். கை நனைந்தது. முகர்ந்தால் துருத்தண்ணீர் வாடை. மஸ்கெலியாவில் இந்தப் புகை தினமும் வந்திருக்கும்; வெள்ளைக்குள் வெள்ளையாகப் போயிருக்கும், யார் கண்ணில் படும்? இஞ்சினை நிறுத்திப் பிளக்குகளைக் கழற்றினார். மூன்று கரியேறிக் கறுத்திருந்தன. முதலாவது மட்டும் கழுவிவைத்த கரண்டி மாதிரிப் பளபளத்தது. மாட்டிவிட்டு ஓடவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டு மெல்லத் திறந்தார். தண்ணீருக்குள்ளிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது.

காலை நொண்டலும் ஏற்றத்துக் கொதிப்பும் இரண்டு வியாதி இல்லை. தண்ணீர் வெளியே ஒழுகவில்லை. உள்ளே சிலிண்டருக்குள் இறங்குகிறது. லொறி நிற்கிற நேரத்தில் தேங்கி நெருப்பை அணைக்கிறது. ஓடுகிற நேரத்தில் ஆவியாகிப் போகிறது. தண்ணீர் குறைந்த இஞ்சின் ஏற்றத்தில் கொதிக்கிறது.

ஆறு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, பெரிய ஏற்றங்களில் ஊர்ந்து, அன்று கொதிக்கவிடாமல் தோட்டம் சேர்ந்தார். நேரே டீச்சரிடம் போனார். இஞ்சினைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டு எழுதவேண்டும். கொழுந்து மலிந்த காலத்தில் லொறியை இரண்டு நாள் படுக்கப்போட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்றானால் அதுவே மூன்றாவது எச்சரிக்கை. அவள் பயந்து, பழுது "இருக்கலாம்" என்று எழுதினாள். வாசித்துக் காட்டியபோது, "இருக்கு" என்று மாற்றச் சொன்னார்.

துரை அனுமதி தந்து ஹட்டனிலிருந்து வரவழைத்த மெக்கானிக் செல்லசாமிக்கு நம்பிக்கையே இல்லை. திறக்கும் வரைக்கும், "டிரைவர் தூங்கினா இஞ்சினத் தொறக்கச் சொல்லுவாங்களாக்கும்," என்று சீண்டிக்கொண்டே இருந்தார். இஞ்சின் தலையைத் தூக்கியதும் துரையைக் கூப்பிட்டு வரச் சொன்னார். முதல் சிலிண்டருக்கும் தண்ணீர்த் துவாரத்துக்கும் நடுவே, அடைப்புத் தகடு தீக்குச்சி அகலத்துக்கு எரிந்து போயிருந்தது. அவர் விரலை வைத்துக் காட்ட, துரை குனிந்து பார்த்தார். புதுத் தகடு போடச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

லொறி நொண்டாமல் ஓடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குப் போய் வந்த டீச்சரை ஆண்டியப்பன் வழியில் நிறுத்தினார்.

"இன்னொரு கடுதாசி எழுதித் தரணும் டீச்சர். அந்த ரெண்டு எச்சரிக்கையும் இன்னும் ஆபீசுல என் பைலுலதான் இருக்கு. நாளைக்கு வேற தொர வந்தா அதத்தானே படிப்பாரு? அத எடுத்துடச் சொல்லிக் கேளுங்க. எடுக்க முடியாதுன்னா, தகடு எரிஞ்ச கதைய எழுதி அதுக்கு மேலேயே வச்சுக் கட்டச் சொல்லுங்க."