அஞ்சலை குடும்பத்துக்கு ஒரு நம்பர்

போன வாரம் இரண்டு நாள் விடாமல் இருமினேன். சுக்குக் கஷாயம் வரும் என்று காத்திருந்தால், என் மனைவி வசந்தா சமையலறையிலிருந்தே கத்தினாள்: "எழுநூத்தி எண்பத்தாறு புள்ளி ரெண்டு!"

பயந்துவிடாதீர்கள். இருமலுக்கு அவள் ஆஸ்பத்திரியில் போடும் நம்பர் அது.

நான் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மணிக்கு ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் வேலை. நோயாளி வீடு திரும்பியதும் டாக்டர் எழுதியதைப் படித்து, ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி, அந்த வியாதிக்கு உரிய நம்பரைப் போட வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு அட்டை. அதில் அந்த வியாதிக்காரர்களின் பெயர், விலாசம். அவ்வளவுதான். 'இதுக்கு ஒரு சம்பளமா?' என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்… இப்போது செய்வதில்லை.

இரண்டு வருஷம் இருக்கும். 'கண்ணில் காயம்' அட்டையில் புதுப் பெயர் எழுதப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். எழுத வேண்டிய பெயர் தேவி, பத்தொன்பது வயது. அதே அட்டையில் மேலே அவள் அம்மா அஞ்சலை. அதற்கும் மேலே அஞ்சலையின் தம்பி. (பெயர்களை மாற்றியிருக்கிறேன், அஞ்சலையைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) மூவருக்கும் ஒரே தோட்டம், ஒரே லைன் வீட்டு வரிசை, ஒரே வீட்டு நம்பர். காரணமும் ஒன்றே — தேயிலைக் கிளை குத்தியது.

எங்கள் பக்கம் இது சகஜம். செடி வெட்டும்போது கிளை கண்ணில் அடிக்கும். தோட்டத்து மருந்தகத்தில் இருக்கும் டிரெசரிடம் அப்படிச் சொன்னால் மேற்கொண்டு கேள்வி கிடையாது, மருந்து போட்டு லீவு எழுதிக் கொடுத்துவிடுவார். அதனால் தூசி விழுந்தாலும் கிளை, எரிச்சல் என்றாலும் கிளை!

வசந்தா மூன்று ஃபைலையும் மறுபடி எடுத்துப் படித்தாள். மூன்றிலும் 'இரண்டு கண்களிலும் வெண்மை' என்று இருந்தது.

"ஏங்க, கிளை ஒரு கண்ண குத்தும். ரெண்டு கண்ணையும் ஒரே மாதிரி குத்துமா? அதுவும் ஒரே வீட்டுல மூணு பேருக்கு?"

"உனக்கெதுக்கு வம்பு? டாக்டர் எழுதினத போட்டுட்டு வா லா," என்றேன். பெரிய வீரன் நான்!

மறுநாள் மூன்று ஃபைலோடும் டாக்டர் முன்னால் போய் நின்றாள். அவருக்குச் சுர்ரென்று வந்ததாம் — ஃபைல் எழுதும் ஒரு கிராணி எனக்கு வைத்தியம் சொல்லித் தருவதா?

"வைத்தியம் எனக்குத் தெரியாது டாக்டர். ஆனா முன்னாடி ரெண்டு தடவையும் யோசிக்காம காயம்னு நம்பர் போட்டது நான்தான். மூணாவது தடவையும் போட மனசு வரல."

டாக்டர் ஃபைல்களைப் படித்தார். குடும்பத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அஞ்சலை வந்தாள். கண்ணிரண்டும் புகையேறிய லாந்தர் கண்ணாடி மாதிரி. கொழுந்து எது, முற்றிய இலை எது என்று தெரியாமல் பறிக்கிறாள் என்று கங்காணி அவளை வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க, கெளதான் பட்டுச்சு," என்று சாதித்தாள். வராந்தாவுக்கு வந்ததும் வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"வாத்தியார் வீட்டம்மா, எங்கப்பாவுக்கும் இப்படித்தான். கடைசில செவுத்த தடவித்தான் நடந்தாரு. பரம்பரை வியாதின்னு எழுதிட்டா எம் பொண்ண எவன்மா கட்டுவான்? என் கண்ணு போனா போவட்டும், எழுதாதீங்க!"

யோசித்துப் பாருங்கள்… கண் போனாலும் பரவாயில்லை, மகள் கல்யாணம் நடக்கட்டும் என்கிறாள். வசந்தா அவளிடம் இப்படிச் சொன்னாளாம்:

"அக்கா, அட்டையில வியாதி பேர எழுதாம, நான் முந்நூத்தி எழுபத்தொண்ணு புள்ளி அஞ்சுன்னுதான் போடுவேன். உங்க லைன்ல எவனுக்கு அதுக்கு அர்த்தம் தெரியும்? ஃபைல் பூட்டித்தான் இருக்கும், சாவி எங்கிட்ட. ஆனா கண்ணு டாக்டருக்கு விஷயம் தெரியணும் லா. தெரியலன்னா உங்களுக்கு மட்டுமில்ல, நாளைக்குத் தேவிக்கும் களிம்புதான் தடவிக்கிட்டு இருப்பாங்க."

மகள் பெயரைக் கேட்டதும் அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய், அப்பாவில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் எழுதினார், வசந்தா நம்பரை மாற்றினாள். கோலாலம்பூர் கண் ஸ்பெஷலிஸ்ட்டும் பரம்பரைக் கோளாறுதான் என்று உறுதி செய்தார். தேவிக்கும் மாமனுக்கும் இப்போதைக்குச் சொட்டு மருந்து, வருஷா வருஷம் செக்கப். அஞ்சலைக்குக் கருவிழி மாற்று ஆபரேஷன். யாரோ ஒரு புண்ணியவான் செத்தும் கொடுத்த கண், ஒரு வருஷம் காத்திருந்து கிடைத்தது. இன்று அவள் பறிக்கும் கொழுந்தில் கங்காணி குறை கண்டுபிடிக்கட்டும், பார்ப்போம்!

வியாதியைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தனித்தனியாக வந்து போன மூன்று பேரை ஒரே குடும்பமாகப் பார்க்க, ஒருத்தி அட்டையை நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறதே! என் மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை. சரி… அதற்காகவும்தான்.

போன மாதம் கோலா தெர்லா என்ற ஊரிலிருந்து தேவியைப் பெண் பார்க்க வந்தார்கள். நாங்களும் போயிருந்தோம். காப்பி கொடுத்த கையோடு அஞ்சலையே பேச்சை ஆரம்பித்தாள்.

"எங்க குடும்பத்துல கண்ணு வியாதி இருக்கு. எப்படி வரும், எங்க போவணும், என்ன செய்யணும், எல்லாம் எங்களுக்குத் தெரியும். உங்க குடும்பத்துல என்னென்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மாப்பிள்ளையின் அப்பா மீசையைத் தடவினார். அம்மா அவரையே பார்த்தார். அப்புறம் அவரே காலண்டரைக் கொண்டுவரச் சொன்னார்.

தேதி குறித்துவிட்டுத்தான் போனார்கள்.