ஒரு கிலோ குறைவு

எண்பதுகளின் கடைசியில், பிளஸ் டூ முடித்த கோடையில், என் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று, தாம்பரத்துக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்க இடம். இன்னொன்று, விமானப்படையின் டெக்னிக்கல் பிரிவுக்கு எழுத்துத் தேர்வில் தேறிய தகவல். பயிற்சி முடிந்ததும் வரும் சம்பளம், குரோம்பேட்டைப் பட்டறையில் அப்பா இத்தனை வருடம் லேத் ஓட்டி வாங்கியதைவிட அதிகம். சாப்பாடும் துணியும் தனி. அந்த வருடம் அப்பாவின் வலது கை மரத்துப்போய்ப் பட்டறை வேலையும் நின்றிருந்தது. தங்கை ஒன்பதாவது. போ என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கனத்தது.

உடல் தேர்வு மட்டும் பாக்கி. எனக்கு இரண்டு கிலோ குறைவு. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் என்னோடு ஓடிப் பழகிய, தேர்வுக்கும் என்னோடு வரவிருந்த நண்பனுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

"இன்னா மச்சான், மூஞ்ச தொங்கப் போட்டுகினு? காலைல ஒரு டஜன் மோரீஸ் பழம் துண்ணு. மேல ரெண்டு சொம்பு தண்ணி. எட பாக்குற வரிக்கும் ஒண்ணுக்கு மட்டும் போய்டாத. எங்க தெருவுல அத்தினி பேரும் அப்டித்தான் சேந்தானுங்க."

பதினொரு வாழைப்பழம் தின்றேன், தண்ணீரும் குடித்தேன். எப்போதும் முதலில் எடை, அப்புறம்தான் ஓட்டம். அன்று பார்த்து, தேர்வு மைதானத்தில், வெயில் ஏறுமுன் ஓடி முடியுங்கள் என்று விட்டார்கள். மூன்றாவது சுற்றில் பாதிப் பழம் புல்லில் கிடந்தது. பக்கத்தில் ஓடிய நண்பன் கத்தினான்: "டேய், எட போவுதுடா! கொஞ்சமாச்சும் உள்ள வைடா!"

சிரிப்பும் குமட்டலுமாக நேரத்துக்குள் ஓடி முடித்தேன்.

எடை குறித்தவர் மீசை நரைத்த தமிழர். முள்ளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு கிலோ கம்மி தம்பி. எத்தன பழம்?"

"பதினொண்ணு சார்."

"வர்றவன் எல்லாம் தோப்பையே தின்னுட்டு வர்றீங்கப்பா." பேனாவை மூடினார். "லிஸ்ட் முடிய அரை மணி இருக்கு. குழாய் அந்தப் பக்கம். வேணும்னா குடிச்சிட்டு வரிசைல கடைசியா வா. வேணாம்னா வீட்டுக்குப் போ. நான் இன்னும் எதுவும் எழுதல."

வேப்பமரத்தடியில் குழாய். அதன்முன் நின்றேன், கால் மாற்றிக் கால் மாற்றி. மதிலுக்கு அப்பால் ஒரு மின்சார ரயில் பீச் பக்கமாகப் போயிற்று. திரும்பிப் போய்விடலாம். எடை பத்தவில்லை என்றால் அப்பா தலையசைப்பார், அவ்வளவுதான். கல்லூரிக்குப் போகலாம், மரநிழலில் கவிதை படிக்கலாம். முடிவை என் எலும்புகள் எடுத்ததாக ஆகிவிடும். என்மேல் ஒரு பழியும் இல்லை. எவ்வளவு சொகுசான பொய்! அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது.

குனிந்து கையேந்தினேன். குளோரின் நாற்றம். இரும்பின் சுவை. குடித்தேன், மூச்சுவிட்டேன், மறுபடியும் குடித்தேன். வயிறு பானையாகி, நடந்தால் உள்ளே தளும்பியது.

முள் கோட்டைத் தொட்டது. அவர் எழுதினார்.

பிறகு இருபது வருடம், வடக்கே எங்கெங்கோ ஓடுதளங்கள், பனி, மணல், இயந்திர எண்ணெய். மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் போயிற்று. தங்கை படித்தாள். மனம் சலித்த நாட்களில் யாரையாவது நொந்துகொள்ளலாம் என்று தேடிப் பார்ப்பேன். ஒருவரும் அகப்பட மாட்டார்கள். தண்ணீரைக் குடித்தவன் நான்.