வேப்பங்கரைசல் டேங்க்

பாண்டீஸ்வரியிடம் இரவல் கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பியவர் ஊரில் கிடையாது. அரிவாள் கேட்டால் அரிவாள், அண்டா கேட்டால் அண்டா. ஆனால் தொழுவத்து ஆணியில் தொங்கும் அந்தப் பச்சை டேங்கை மட்டும் கேட்டுப் பாருங்கள், வேறு ஆளாகிவிடுவாள். முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு கையால் பம்ப் அடித்து, மறு கையால் செடிக்குத் தெளிப்பார்களே, அந்த டேங்க்தான். அவளோடு சேர்ந்து பருத்தி போடும் குழுப் பெண்களைத் தவிர யார் அதன் பக்கம் திரும்பினாலும், "தொட்டுறாதீக, வெளக்கமாத்த எடுத்துருவேன்" என்பாள். கூடப்பிறந்த அண்ணன் கேட்டபோதும் அதே விளக்குமாறுதான்.

அவள் அப்படிச் சீறுவதில் நியாயம் இருந்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே அந்த ஊரில் மற்ற டேங்க்கெல்லாம் பூச்சிமருந்தில் ஊறியவை. இந்த ஒன்றில்தான் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தவிர வேறெதையும் ஊற்றியதில்லை. பாண்டீஸ்வரியும் குழுப் பெண்களும் விளைவிக்கும் பருத்தி, மதுரையில் கைக்குழந்தைகளுக்குப் படுக்கை விரிப்பு நெய்கிற ஒரு கம்பெனிக்குப் போகிறது. பச்சைப்பிள்ளை வாயில் வைத்துச் சப்புகிற துணி அது. அதனால் கம்பெனி படு கறார். ஒருத்தி காட்டில் விஷம் பட்டாலும் எல்லோர் பருத்தியும் தள்ளுபடி. அந்தக் கம்பெனியின் நம்பிக்கையை வாங்க மூன்று வருஷம் மண்ணை ஆறப்போட்டு, புழு தின்றது போக மிச்சத்தை அள்ளி, கமிஷன் கடைக்காரரின் நக்கலையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். அந்த நம்பிக்கை போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

பருத்தி பாண்டீஸ்வரிக்குப் புதிதில்லை. நடக்கப் பழகியதே அடுத்தவர் பருத்திக் காட்டில்தான். அவள் அம்மா மடி கட்டிக் கூலிக்குப் பருத்தி எடுத்தாள், பிறகு அவளும் எடுத்தாள். சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. வாக்கப்பட்ட அழகுமலையோ கூலிக்கு மருந்தடிக்கிறவன். சுற்றுப்பட்டியில் எங்கே புழு விழுந்தாலும், "கூப்புடு அழகுமலைய" என்பார்கள். நல்ல உழைப்பாளி, கேலிக்காரன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்க்கவே மாட்டான். மூஞ்சியில் துணியைக் கட்டேன் என்றால், "மருந்து புழுவுக்குத்தாண்டி, எனக்கா?" என்று பல்லைக் காட்டுவான். பாவி மனுஷன்! அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

சாயங்காலம் அவன் கழற்றிப் போடும் சட்டையைத் தனி வாளியில் ஊறவைப்பாள். என்ன சோப்பைப் போட்டு அடித்தாலும் வாடை போகாது. மருந்தும் வேர்வையும் பீடியும் கலந்த வாடை. கல்யாணமான புதிதில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் பழகிப்போயிற்று. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த வாடை வாசலில் ஏறினால்தான் அவளுக்கு உலை வைக்கவே கை ஓடும்.

இரண்டு பேர் கூலியிலும் வயிற்றைக் கட்டி ஒரு துண்டு மானாவாரி நிலம் வாங்கினார்கள். வாங்கிய கொஞ்ச நாளில் அழகுமலைக்கு மூச்சிரைக்க ஆரம்பித்தது. "நம்ம காட்டுல அந்தச் சனியன் வேணாம்" என்று பாண்டீஸ்வரி ஒற்றைக் காலில் நின்றாள். குழு அப்படித்தான் தொடங்கியது. அழகுமலையும் மருந்து டேங்கை இறக்கி வைத்துவிட்டு, முடிந்த மட்டும் வேப்பங்கரைசலைச் சுமந்தான். இந்த மார்கழியில் போய்ச் சேர்ந்துவிட்டான். நுரையீரல் கெட்டுப்போயிற்று என்றார்கள் ஆஸ்பத்திரியில். எதனால் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதுமில்லை.

எழவு விழுந்த வீட்டுக்காரி கருமாதி முடிகிறவரை வாசல் தாண்ட மாட்டாள். அவள் வெள்ளாமையைச் சொந்தபந்தம் பார்த்துக்கொள்ளும். கேட்க வேண்டியதில்லை. செய்தவர்களும் வாயைத் திறக்க மாட்டார்கள், சொல்லிக் காட்டினால் மரியாதை இல்லை. அதே மாதிரி, எழவு வீட்டில் போய் நின்று அதைக் கொடு இதைக் கொடு என்று கேட்கிற வழக்கமும் கிடையாது. நல்ல பழக்கங்கள்தான், யார் இல்லையென்றது? அந்த இரண்டும் சேர்ந்துதான் பாண்டீஸ்வரியின் தலையில் கல்லைப் போட்டன.

கருமாதி முடிந்த மறுநாள் காட்டுக்குப் போனாள். புழு என்ன பாடு படுத்தியிருக்குமோ என்று எட்டி நடந்தாள். போய்ப் பார்த்தால் ஒரு காயில்கூடத் துளை இல்லை. அப்பாடா, நேரத்துக்குக் கரைசல் அடித்துவிட்டார்கள் மகராசிகள் என்று நினைத்தாள். அடுத்த காட்டுக்காரி பாண்டிச்செல்வியாகத்தான் இருக்கும், அவள் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினாள். எப்போதும் இலையில் ஊர்ந்து திரியும் பொறிவண்டு ஒன்றுகூடக் கண்ணில் படாதது மட்டும் என்னவோ மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தவள், டேங்கைக் கழுவி வைக்கலாமென்று ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டினாள். தோள்வாரில் பஞ்சு வைத்துத் தைத்த இடம் கழுத்தில் உரசியது. அதிலிருந்து அந்த வாடை எழும்பியது.

அழகுமலை. முழுசாக, திடகாத்திரமாக, பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. கடைசி நாட்களில் வீட்டில் கிடந்த மெலிந்த மனுஷன் இல்லை, வாசலில் ஏறி வந்தவன். பாண்டீஸ்வரி வாரை முகத்தோடு அழுத்திக்கொண்டு தொழுவத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாவன்று வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. எவ்வளவு நேரம் அழுதாளோ, அழுகை ஓய்ந்த பிறகுதான் புத்தி விழித்தது. அவன் இந்த டேங்கில் வேப்பங்கரைசலைத் தவிர வேறு சுமந்ததில்லை. அப்படியானால் இந்த வாடை எங்கிருந்து வந்தது?

கொழுந்தன் காசிமாயன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அண்ணனிடம் தொழில் பழகி, அண்ணனுக்குப் பிறகு ஊருக்கு மருந்தடிக்கிறவன் அவன்தான்.

"காசி, எங் காட்டுல மருந்தடிச்சியா?"

அவன் தலையைச் சொறிந்தான். கருமாதிக்கு அடித்த மொட்டை. "புழு கொத்துக் கொத்தாக் கெடந்துச்சு மதினி. அண்ணே போட்ட கடைசி வெள்ளாமை. அது அழிஞ்சுபோனா ஊரு என்னையத்தான காறித் துப்பும்? அதான் ஒரு அடி அடிச்சு விட்டேன்."

"அடப்பாவி, எங்க குழுவுல மருந்தே ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். புழு தின்னுட்டா அப்புறம் குழு ஏது மதினி?"

"எந்த டேங்க்ல அடிச்ச?"

"என்னோடது ஒழுகுது. ஒங்க தொழுவத்துல கெடந்த பச்சை டேங்க்லதேன். நல்லாக் கழுவித்தேன் மாட்டுனேன்!"

விளக்குமாறு என்ன, உலக்கையையே எடுத்திருப்பாள். ஆனால் அந்த மொட்டைத் தலையைப் பார்த்தாள். அண்ணனுக்காக அழுத கண்ணின் வீக்கம் இன்னும் வடியாமல் நின்றவனை என்ன சொல்லித் திட்டுவது? திரும்பிவிட்டாள்.

நேரே பாண்டிச்செல்வியிடம் போனாள். "எங்காடு போனாப் போகுது. நீ அந்த டேங்க எடுத்தியா?"

"எடுத்தேங்க்கா. எழவு வீட்ல வந்து டேங்கக் குடுன்னு எப்புடிக் கேக்க? பின்பக்கமா வந்து எடுத்துட்டுப் போய்க் கரைசல் அடிச்சேன். அப்புடியே எல்லாரும் வாங்கி அடிச்சுட்டு மாட்டிட்டோம். ஏங்க்கா?"

சரிதான், காசி அடித்துவிட்டு மாட்டிய டேங்க் எல்லோர் காட்டிலும் போயிருக்கிறது. வழக்கமாக டேங்கை வாங்கிக் கழுவி, மோந்து பார்த்து, அடுத்தவள் கையில் கொடுப்பது பாண்டீஸ்வரி. அவள் வீட்டுக்குள் இருந்த நாட்களில்தானா இதெல்லாம் நடக்க வேண்டும்!

அன்றைக்குச் சாயங்காலம் குழுப் பெண்கள் தொழுவத்தில் கூடினார்கள். கழுவின டேங்க்கில் எம்புட்டு இருந்துவிடப் போகிறது என்றாள் ஒருத்தி. டேங்கைத் தூக்கிக் கிணற்றில் போடு என்றாள் இன்னொருத்தி. பாண்டிச்செல்விதான் போட்டு உடைத்தாள். திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்தப் பருத்தியை நம்பி ஊருக்குத் திரும்பி வந்தவள் அவள்.

"மோந்து பாத்தது நீ ஒருத்திதேன். நீ மோந்து பாக்கலன்னு வச்சுக்க. ஒம் புருசன் செத்ததுக்கு நாங்க அம்புட்டுப் பேரும் கூடச் சேந்து சாகணுமா?"

சொன்ன பிறகு அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் ஒருத்தியும் அவளை அதட்டவில்லை. பாண்டீஸ்வரிக்கு அதுதான் அதிகம் வலித்தது.

சொல்லாமல் விட்டால் என்ன என்று அவளும் நினைக்காமலில்லை. இரண்டு நாள் அதே நினைப்புதான். காசியை ஊர் ஏசும். குழு சிதறும். இத்தனை பேர் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டவள் என்ற பேர் தனக்கு வரும், அது சாகும்வரை போகாது. வாயை மூடிக்கொண்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் வாயை மூடிக்கொள்ளலாம் என்று முடிவுக்கு வரும்போதெல்லாம், "மருந்து புழுவுக்குத்தாண்டி" என்ற சிரிப்பு காதில் விழுந்தது. எங்கோ ஒரு பச்சைப்பிள்ளை அந்த விரிப்பின் நுனியைச் சப்பிக்கொண்டு கிடப்பது போலிருந்தது. சே, என்ன பிழைப்பு என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

கம்பெனியிலிருந்து தமிழ்வாணி வந்தாள். மதுரையில் ஆனையூர் ஆபீசில் வேலை, மாதம் ஒருமுறை ஸ்கூட்டியில் வந்து காடுகளைப் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளை. பாண்டீஸ்வரியின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பும்போது எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

"டேங்க் சுத்தமா இருக்குல்லக்கா?"

பெண்கள் எல்லோரும் பாண்டீஸ்வரியின் வாயையே பார்த்தார்கள். பாண்டிச்செல்வி மெல்லத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள். பாண்டீஸ்வரி எழுந்து போய் டேங்கைக் கொண்டுவந்து தமிழ்வாணியின் முன்னால் வைத்தாள்.

"வாரை மோந்து பாரு தாயி."

மோந்ததும் அந்தப் பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, இது யாரு..."

"எங்க வீட்டு டேங்க்கு. என் பொறுப்பு. என்னையக் கேளு" என்றாள் பாண்டீஸ்வரி. காசிமாயன் பேரை அவள் எடுக்கவே இல்லை.

எல்லோர் காட்டிலிருந்தும் இலை பறித்து, விஷம் இருக்கிறதா என்று சோதிக்க மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பாண்டீஸ்வரியின் காட்டு இலையில் நன்றாகவே காட்டியது. பாண்டிச்செல்வி காட்டில் அதைவிடக் கம்மி. மற்ற காடுகளில் லேசாக. லேசானாலும் விஷம் விஷம்தானே. இந்த வருஷம் யார் பருத்தியும் வேண்டாம், இனி மறுபடி முதலிலிருந்து வாருங்கள் என்று கம்பெனி முடிவு செய்தது. அதைத் தமிழ்வாணியே போன் செய்து சொன்னாள். "நீங்க சொன்னதுதான்க்கா சரி" என்றும் சொன்னாள். பாண்டீஸ்வரி போனை வைத்துவிட்டாள். சரியானதைச் செய்தால் நெஞ்சு லேசாகும் என்று யார் சொன்னது? அவளுக்கு நெஞ்சில் பாறாங்கல் ஏறி உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது.

மாசியில் காய் வெடித்துக் காடெல்லாம் வெளுத்தது. குழுப் பெண்களுக்குள் பருத்தி எடுப்புக்குக் கூலி கிடையாது. இன்றைக்கு உன் காடு, நாளைக்கு என் காடு என்று பெண்கள் மாறி மாறிப் போய் எடுப்பார்கள். பாண்டீஸ்வரி மடியைக் கட்டிக்கொண்டு பாண்டிச்செல்வி காட்டுக்குப் போனாள். "ஆளு போதும்க்கா" என்றாள் பாண்டிச்செல்வி, முகத்தைத் திருப்பாமல். பாண்டீஸ்வரி காட்டுக்கு ஒருத்தியும் வரவில்லை.

காசிமாயன் மட்டும் வந்தான். பொம்பளைகள் வேலை என்று ஊர் சிரித்ததைக் காதில் வாங்காமல், தழையும் தூசியுமாகப் பிடுங்கி மடியில் போட்டான். இரண்டு பேருமாகக் காடு முழுக்க எடுத்து உசிலம்பட்டிக் கமிஷன் கடையில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கடைக்காரர் அதை ஊர்ப் பருத்தியோடு ஒரே குவியலாகத் தள்ளினார். எது எவள் காட்டுப் பருத்தியென்று இனிமேல் பாண்டீஸ்வரியாலேயே சொல்ல முடியாது.

திரும்பி வந்து வெந்நீர் அடுப்பைப் பற்ற வைத்தாள். காசிமாயன் வாசலில் உட்கார்ந்து இருமினான். கொஞ்ச நாளாகவே அந்த இருமல் இருந்தது.

"நாளைக்கு ஒரு காட்டுக்கு மருந்தடிக்கக் கூப்புட்டுருக்காக மதினி. என் டேங்க்க ஒட்டி வாங்கிட்டேன், ஆனா பெல்ட்டு இத்துப்போச்சு. நீங்க ஒடைச்சுப் போட்டீகள்ல, அந்தப் பச்சை டேங்க்கு. அதோட பெல்ட்டு கெடக்கா?"

கிடந்தது. தமிழ்வாணி சொன்னபடி டேங்கை உடைத்துப் புதைத்தவள், வாரை மட்டும் அறுத்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். அது யாருக்கும் தெரியாது.

"மூஞ்சியில துணி கட்டிட்டு அடிப்பியா?" என்று கேட்டாள்.

"மருந்து புழுவுக்குத்தான மதினி, நமக்கா?" என்று அவன் சிரித்தான். அச்சு அசல் அண்ணன் சிரிப்பு.

பாண்டீஸ்வரி உள்ளே போய் வாரை எடுத்து வந்தாள். காசிமாயன் கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டிப் போய் அதை அடுப்புக்குள் தள்ளினாள்.

"அய்யய்யோ மதினி! நல்ல பெல்ட்ட எதுக்கு எரிக்கிறீக?"

"அந்தத் தொழில் ஒனக்கு வேணாம் காசி. ஒருத்தனக் குடுத்தது போதும். மொதல்ல மூக்கப் பொத்துடா!"

அவள் போட்ட சத்தத்தில் மிரண்டுபோய், காசிமாயன் தோள்துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் இறுக்கிப் பொத்திக்கொண்டான். வார் சுருண்டு உருகியது. புகை கிளம்பியது. அதில் மருந்தும் வேர்வையும் பீடியும் கலந்த அந்த வாடை ஒரு தடவை வந்தது. பாண்டீஸ்வரி முந்தானையை மூக்குவரை கொண்டுபோனாள். அப்புறம் அதைக் கீழே விட்டுவிட்டாள்.