கம்பளிப்பூச்சியும் வெட்டிய மூன்று வரிகளும்

கம்பளிப்பூச்சி பட்ட அரிப்பு இரண்டு நாளில் போய்விடும். அந்தப் பூச்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்து, அதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதப் போனால் வருகிற எரிச்சல் பத்து வருஷமானாலும் போகாது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பத்திரிகைக்கும் எழுதிப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தேன். எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைச் செடியைத் தின்னும் கம்பளிப்பூச்சிதான் என் ஆராய்ச்சி. கீழ்பென்னாத்தூர் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் நான்கு வருஷம் அலைந்திருக்கிறேன். முதல் பெருமழைக்குப் பிறகு தாய்ப்பூச்சிகள் மண்ணிலிருந்து கிளம்பும். அந்தச் சில நாள் பொழுது சாய்ந்ததும் ஊரே சேர்ந்து தீ மூட்டினால் அவை அதில் வந்து விழும். புழு பெரிதாகி உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பிறகு மருந்தடிப்பது வீண். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதைச் சொல்வதற்குள் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சிவப்புப் பென்சில்

கட்டுரை வெளியிடத் துறைத்தலைவரின் கையெழுத்து வேண்டும். அவர் அதை இரண்டு வாரம் மேஜையில் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது ‘மல்லாட்டை’ என்று எழுதியிருந்த இடமெல்லாம் சிவப்பு வட்டம். லத்தீன் பெயரைப் போடச் சொன்னார். “சார், கொல்லையில நிக்கிறவங்களுக்கு லத்தீன் தெரியாதே” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க ஜரினா மேடம், அதான் பிரச்சினை. எல்லாருக்கும் புரிஞ்சிட்டா, இது ஆராய்ச்சின்னு யாரு நம்புவாங்க?”

பக்கத்தில் இடமில்லை

சண்டை போட்டுக் கையெழுத்து வாங்கி, ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். அச்சாகி வந்ததும் பிரித்தேன். தலைப்பு: ‘கம்பளிப்பூச்சியை ஒழிக்க மருந்து!’ பூச்சி செய்கிற நாசத்தைப் பற்றி நான் எழுதியது அப்படியே இருந்தது. தீ மூட்டுவதையும் மருந்து வீண் என்பதையும் சொன்ன மூன்று வரி மட்டும் இல்லை. கீழே, கால் பக்கத்துக்குப் பூச்சிமருந்து விளம்பரம்.

அன்றைக்கே தேரடிப் பக்கம் இருந்த அவர்கள் அச்சகத்துக்குப் போய்க் கத்தினேன். மறுப்பு போடச் சொன்னேன். ஆசிரியர் நிதானமாக வெற்றிலை மடித்தபடி சொன்னார்: “மூணு வரிதானேம்மா எடுத்தோம்? மீதி எல்லாம் உங்க சரக்குதானே, அதுக்கு சந்தோஷப்படுங்க.”

வகுப்பு வாசலில்

ஒன்றரை மாசம் கழித்து, பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். கீழ்பென்னாத்தூர் பக்கத்து முனுசாமி. கையில் நாலாக மடித்த அந்தப் பத்திரிகை. மூன்று தடவை மருந்து அடித்திருக்கிறார். பூச்சி சாகவில்லை; செடியில் குச்சிதான் மிச்சம். மருந்து நெடியில் அவர் சம்சாரம் செல்லம்மா மயங்கி விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்.

“உங்க பேரைப் பாத்துத்தாம்மா அடிச்சேன்” என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

என் அறைக்கு அழைத்துப் போய், பீரோவைத் திறந்து என் கையெழுத்துப் பிரதியைக் காட்டினேன். விட்டுப்போன மூன்று வரியையும் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். திருப்பித் திருப்பி இரண்டு தடவை படித்தார். பிறகு தாளை என்னிடமே நீட்டினார்.

“கரெக்டாத்தான் எழுதியிருக்கீங்க. அது உங்க பீரோவில இருந்து எங்களுக்கு என்னாம்மா பிரயோஜனம்?”

கொல்லையில் ஒரு பரீட்சை

அந்தக் கேள்வி என்னை உட்கார விடவில்லை. பத்திரிகையும் வேண்டாம், துறைத்தலைவரும் வேண்டாம் என்று ஒரு பக்க நோட்டீஸ் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முனுசாமி கொல்லையோரம் ஏழெட்டுப் பேரைக் கூட்டியிருந்தார். செல்லம்மாவும் வந்து உட்கார்ந்தார். முகத்தில் இன்னும் சோர்வு இருந்தது.

பத்திரிகை ஆசிரியரைத் திட்டிவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே செல்லம்மா நிறுத்தினார். “கூட்டுப்புழுன்னா என்னா?” சொன்னேன். “மண்ணுல தூங்கற பூச்சின்னு எழுதுங்க.” அடுத்து, ‘அந்திப்பொழுதில் ஒளியால் ஈர்க்கப்படும்’ என்ற வரி. “வெளக்கு வெக்கிற நேரத்துக்கு நெருப்பைப் பாத்து வரும்னு எழுதுங்க.” வரிக்கு வரி இதே கதை. எனக்குக் காது சுட்டது.

கடைசியில் அவர் சொன்னார்: “பேப்பர்காரன் மூணு வரி வெட்டினான்னு கத்தறீங்க. எழுதினதுல பாதி எங்களுக்குப் புரியலயே, அதுக்கு யாரு மேல கோவப்படுவீங்க?”

நேர்முகத் தேர்வு

செல்லம்மா சொன்னபடியே நோட்டீஸ் அச்சானது. அடியில் ‘திருத்தியவர்: செல்லம்மா’ என்று போட்டேன். அடுத்த வருஷம் முதல் மழை விட்டதும் அந்த ஊரில் நான்கு சாயங்காலம் தீ எரிந்தது. பூச்சி அடியோடு ஒழியவில்லை, ரொம்பக் கம்மியானது. முனுசாமியின் கொல்லை அறுவடை வரைக்கும் பச்சையாக நின்றது.

அதே வருஷம் பதவி உயர்வுக்கான தேர்வுக்குச் சென்னை போனேன். செய்த வேலையைக் காட்டச் சொன்னார்கள். பெருமையோடு நோட்டீஸை நீட்டினேன். குழுவில் மூத்தவர் அதை இரண்டு விரலால் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த பெயரில் கண் நின்றது. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்:

“இந்த டாக்டர் செல்லம்மா எந்த யுனிவர்சிட்டி?”

ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது கஷ்டம்தான், ஆனால் எழுதியதற்காகப் படித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்காமல் வீடு வந்து சேருவது அதைவிடக் கஷ்டம்.