குல்தூமின் தாயாருக்கு ஓர் அழைப்பு

என் சாச்சிக்கு, அதாவது உம்மாவின் தங்கைக்கு, பிள்ளைகள் இல்லை. ஆகவே, நாட்டுக்காகச் செத்துப்போன மகன் ஒருவன் அவருக்கு இருக்கிறான் என்று கடிதம் வந்தபோது வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சாச்சிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

'உயிர்நீத்த ஊர்காவலர் குல்தூம் அவர்களின் அன்புத் தாயாருக்கு' என்று கடிதம் தொடங்கியது. பயிற்சி முகாமில் முதல் அணி வெளியேறி முப்பது வருடம் நிறைவாகிறதாம். இறந்தவர்களுக்கு நினைவுக்கல் திறக்கிறார்களாம். தாய்மாருக்குத் தனி ஆசனமும் அன்பளிப்பும் உண்டாம்.

சாச்சியின் பெயர் உம்மு குல்தூம். நபிகளாரின் மகள் ஒருவருடைய பெயர் அது. எங்கள் ஏறாவூரில் தெருவுக்கு ஒருத்தியாவது அந்தப் பெயரோடு இருப்பாள். அரபியில் 'உம்மு' என்றால் தாய்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆளின் பெயரைப் பிய்த்துப் பொருள் பார்ப்பவனை என்ன செய்வது? நாளைக்கு மங்கையற்கரசி என்று ஒருத்தி போய் நின்றால், அரசி வந்திருக்கிறாள், சிம்மாசனம் போடு என்பானா?

குல்தூம் என்று மகன் இல்லை. ஊர்காவலர் குல்தூம் என்பது சாச்சியேதான்.

சண்டை நடந்த தொண்ணூறாம் ஆண்டு சாச்சியின் மாப்பிள்ளை வேளாண்மை பார்க்க வயல் வட்டைக்குப் போனார், திரும்பி வரவில்லை. அப்போது அவர்களுக்குக் கலியாணமாகி எட்டு மாதம். நாலு வருடம் கழித்து, பஸ்ஸில் வரும் பெண்களைச் சோதிக்கப் பெண் ஊர்காவலர் வேண்டும் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். நாலு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். மூன்று பேரை வீட்டார் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாச்சியை என் உம்மாவும் இழுத்துத்தான் பார்த்தார், ஆள் அசையவில்லை.

இருபத்தொரு நாள் பயிற்சி. ஆண்களுக்குத் தைத்த களிசானை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டி, பெரிய சப்பாத்துக்குள் சீலைத்துணி அடைத்து, முக்காட்டின் மேல் தொப்பி வைத்து ஓடியிருக்கிறார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியுமா? 'களிசான் குல்தூம்' என்று பெயர் வைத்தார்கள். அவர் பதினொரு வருடம் அதே களிசானோடு வேலை செய்தார்.

ஒரு நாள் விடிய, சுபஹுத் தொழுகை நேரம் காவலரணில் கூட நின்ற பஸ்லான் என்ற பொடியன் வெடிபட்டு விழுந்தான். உதவி வரும்வரை முக்கால் மணிநேரம் சாச்சி தனியே துவக்கோடு நின்றார். அதற்கும் ஊர் ஒன்று சொன்னது: பக்கத்தில் பிள்ளை சாகிறான், இவள் அழாமல் சுட்டுக்கொண்டு நின்றாள், இவளெல்லாம் ஒரு பொம்பிளையா? அழுதுகொண்டு நின்றிருந்தால் சொன்னவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு உயிரோடு இருக்க மாட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு போன் கோல் எடுத்துச் சொன்னா மாத்திருவாங்க, சாச்சி," என்றேன்.

"செத்த ஆள் எப்பிடிகா கோல் எடுக்கிற? நேர போய் நிப்பம்."

சனிக்கிழமை காலை என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். தன்னாமுனை தாண்டினோம். வாவிக் காற்று முகத்தில் அடித்தபோது, "கல்லுல வெட்டிட்டாங்க எண்டா அழிக்க ஏலாது, என்ன?" என்று மட்டும் கேட்டார். ஊர் வைத்த பெயர்களுக்கெல்லாம் சிரித்தவர் இதற்குப் பயந்துவிட்டார் என்று எனக்கு அப்போது விளங்கியது.

முகாம் வாசலில் மேசை போட்டு ஓர் இளம் சிங்களக் கிளாக்கர் இருந்தார். சாச்சி அடையாள அட்டையை நீட்டினார். அவர் அட்டையைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. பழைய பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டதாம். பெயர் மட்டும் மிஞ்சியதாம். 'உம்மு' என்றால் என்ன என்று மரக்கறி கொண்டுவருபவரிடம் கேட்டாராம், அவரும் உம்மா என்றுதான் சொன்னாராம். தாய் பதிவில் இருக்கிறாள், மகனைக் காணவில்லை, அப்படியானால் மகன் செத்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டாராம். கணக்கு வாத்தியார் தோற்றார் போங்கள்.

"அம்மா, என்ட பிழைதான்," என்றார் கெஞ்சலாக. "ஆனா எங்கட அதிகாரி, பெரிய சேர், வந்திட்டார். இண்டைக்கு மட்டும் அந்தக் கதிரையில இருங்க. திங்கக்கிழமை நான் மாத்துறன்."

நல்ல பிள்ளைதான். அதுதான் சாச்சிக்குச் சங்கடமாகிப் போனது. தாய்மாருக்குப் போட்டிருந்த வெள்ளைக் கதிரைகளைப் பார்த்தார். ஒன்றைத் தவிர எல்லாக் கதிரையிலும் வயதான பெண்கள் இருந்தார்கள். இந்த இடத்தில் சத்தம் போடுவது முறையா என்று யோசித்தவர், போய்க் காலியாக இருந்த கதிரையில் உட்கார்ந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பக்கத்துக் கதிரையில் இருந்தவர் பஸ்லானின் உம்மா, ஸாலிஹா மாமி. எண்பது வயது. கண் மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை.

"ஆரு, குல்தூமா? நீ என்ன புள்ள இதுல இரிக்காய்?"

சாச்சி காதோடு விஷயத்தைச் சொன்னார். கிழவி கேட்டு முடித்ததும் சாச்சியின் தொடையில் ஓங்கி ஓர் அடி போட்டார்.

"எழும்புடி! புள்ளையப் பறிகுடுத்தவள் இரிக்கிற கதிர இது. உனக்கென்ன வேல இதுல? செத்துக் கிடந்த என்ட மகன்ட மையித்தக் காத்துக்கிட்டு நிண்டவள் நீ. நீ செத்துட்டாய் எண்டு வாசிப்பாங்க, நான் கேட்டுக்கிட்டு இரிக்கவா? போ, உன்ட இடத்துல போய் நில்லு!"

சாச்சி எழுந்தார். மைதானத்தின் நடுவில் பழைய ஊர்காவலர் பதினேழு பேர் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் ஆண்கள். சாச்சி அபாயாவை ஒரு கையால் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில், எல்லோரும் பார்க்க, நேராக அங்கே நடந்தார். கிளாக்கர் பின்னால் ஓடினார், பிடிக்க முடியவில்லை.

வரிசையின் கடைசியில் நின்ற, ஊரே அண்ணன் முறை சொல்லும் ஜிப்ரி காக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "குல்தூம், இது ஆம்புளையள்ட வரிச."

"பயிற்சி எடுக்கக்குள்ளயும் உங்களுக்குப் பக்கத்துலதான் நிண்ட, காக்கா. அப்ப கண் தெரியல்லையா? தள்ளுங்க."

ஜிப்ரி காக்கா ஓர் அடி தள்ளி நின்றார். வேறு என்ன செய்வார், பாவம்.

பெரிய அதிகாரி ஒலிவாங்கியில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் பறை ஒரு தரம் ஒலிக்கும், பிறகு கொஞ்சநேரம் மௌனம். மூன்று பெயர்கள் போயின.

"ஊர்காவலர் குல்தூம்."

பறை ஒலிக்குமுன்னே சாச்சியின் குரல் கேட்டது. முகாமில் காலையில் பெயர் கூப்பிட்டால் சொல்லும் அதே பதில்.

"சேர்!"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். ஏதோ எதிரொலி என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தரம் வாசித்தார்.

"ஊர்காவலர் குல்தூம்."

"சேர்! இரிக்கன் சேர்! ஆம்புளையும் இல்ல, ஆர்ட மகனும் இல்ல. நான்தான் குல்தூம்!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஒருவரும் சேர்ந்து சிரிக்கவில்லை. கிளாக்கர் மேடையில் ஏறி அதிகாரியின் காதில் படபடவென்று ஏதோ சொன்னார். அதிகாரி சாச்சியைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, எல்லோரும் காணத் தாளில் ஒரு கோடு இழுத்தார். நினைவுக்கல்லின் திரையைத் திறக்க வேண்டாம் என்று கையால் சைகை காட்டினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வெட்கம் என்ன இதில்.

அடுத்த பெயரை வாசித்தார்.

"ஊர்காவலர் பஸ்லான்."

சாச்சி விறைப்பாக நின்று வாயை இறுக மூடிக்கொண்டார். பறை ஒலித்தது. வெள்ளைக் கதிரையில் இருந்த கிழவி தலையைச் சாய்த்து, ஒரு குரல் வந்துவிடாதா என்பதுபோலக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை.